மூன்றாம் காட்சி

நாடகத்தின் மூன்றாம் காட்சியைச் சிவப்பு மையில் குறுக்காக அடித்து ஒசெல்லாவின் கையில் கொடுத்தார் பாஸ்டர் அவரி. மிசிசிப்பியின் அந்தச் சிற்றூரில் கறுப்பர்கள் கட்டிய சபைக்கு நூற்றாண்டு விழா வருகிறது. அதற்கு அவளை நாடகம் எழுதச் சொன்னதே அவர்தான். புத்தகம் போட்டவள் என்று சபைக்கு அவள்மேல் பெருமை.

“கோழி ஆலைக்காரங்க நமக்குக் கூரை போட்டுக் குடுத்திருக்காங்க சிஸ்டர். முன்வரிசையில உக்காருவாங்க. அவங்க மூஞ்சிக்கு நேரா இது வேணாமே.”

“வெர்னீஸ் செத்தது அவங்க மூஞ்சிக்கு நேராத்தானே பாஸ்டர்?”

“ஆண்டவர் கதைய எழுதுன்னா நீ யூனியன் கதைய எழுதுற.”

“ஆணி அடிச்சவன விட்டுட்டு சிலுவைக் கதைய எப்படிச் சொல்றது?”

ஒசெல்லாவும் அந்த ஆலையில் நின்றவள்தான். உயிர்க்கோழியைத் தலைகீழாகக் கொக்கியில் மாட்டும் அறை. ஆகஸ்டில் அடுப்புக்குள் நிற்பதுபோல் இருக்கும். மயக்கமாக வருகிறது என்று கூட வேலை பார்த்த வெர்னீஸ் சொல்லியும் வெளியே விடவில்லை. விழுந்தாள். பின்வாசல் வழியாகத் தூக்கிப் போனார்கள். இதயக் கோளாறு என்று சொல்லி முடித்துவிட்டார்கள். மூன்றாம் காட்சி இதுதான். ஒசெல்லா முழங்காலில் நின்று ஜெபித்துப் பார்த்தாள். கோபம் ஆறவில்லை, கூர்தான் ஏறியது.

ஞாயிறு ஆராதனையில், ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சபையார் எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில், அவளும் எழுந்து மைக்கைப் பிடித்தாள். சாட்சி சொல்பவரை யாரும் உட்காரச் சொல்லக் கூடாது. ஆனால் பேச்சு நீண்டால் பாஸ்டர் கையை உயர்த்துவார், ஆர்கன் பொங்கி எழுந்து பேச்சை முழுங்கிவிடும். அவளுக்கு முன் பேசிய கிழவரை அப்படித்தான் உட்கார வைத்தார்கள். “இவர் பேசி முடிக்கிறதுக்குள்ள செங்கடலே பொளந்து திரும்ப மூடியிருக்கும்” என்று பின்வரிசையில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

அடிக்கப்பட்ட காட்சியை ஒசெல்லா மனப்பாடமாகச் சொன்னாள். வெர்னீஸின் பெயர் வந்ததும் பாஸ்டரின் கை உயர்ந்தது. ஆர்கன் வாசிக்கும் லூடெல் கட்டைகளை அழுத்தினாள். ஒசெல்லா குரலை ஏற்றினாள். ஆர்கனும் ஏறியது. தொண்டை நரம்பு புடைக்க அவள் கத்திக்கொண்டிருக்கையில் ஆர்கன் சட்டென்று நின்றது.

“நானும் அதே லைன்லதான் நின்னேன்,” என்றாள் லூடெல், கட்டைகளைப் பார்த்தபடி. “அவ என் காலடியில விழுந்தா. கோழி வர்ற பெல்ட் நிக்கல. நானும் கைய நிறுத்தல. அவளத் தாண்டி அடுத்த கோழிய எடுத்து மாட்டுனேன்.”

ஒசெல்லா எழுதிய எதிலும் இது இல்லை. லூடெல் பேசட்டும் என்று மைக்கை ஆர்கன் பக்கம் இழுத்தாள். வயர் எட்டவில்லை. பாஸ்டரின் கை இன்னும் இறங்கவில்லை. முன்வரிசையில் இருந்த சபையின் மூத்த அம்மாமார்களின் வெள்ளைத் தொப்பிகள், ஒன்றன்பின் ஒன்றாக, லூடெல் பக்கம் சாய்ந்தன.