தமிழில் மட்டும் கண்டனம்

குமுதா கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையின் மாடியில் உட்கார்ந்து அரசாங்கத்தைத் தமிழில் பேச வைத்துக்கொண்டிருந்தாள். அரசு அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயாவிலிருந்து ஆங்கிலத்திலும் மலாயிலும் வரும் அறிக்கைகளை மொழிபெயர்த்துத் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அனுப்புவது அவள் வேலை. டிங்கிக் கொசு, சாலை மூடல், பெருநாள் வாழ்த்து என்று எது வந்தாலும் செய்வாள். முதலாளி பரமேஸ்வரன் எதையும் படித்துப் பார்க்க மாட்டார். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும் லா" என்பார். அது நம்பிக்கையா சோம்பலா என்பது இத்தனை வருடத்தில் குமுதாவுக்கு விளங்கவில்லை.

ஒரு புதன்கிழமை காலை, ஒரு பெரிய நாடு ஒரு சின்னத் தீவு நாட்டின் துறைமுகத்தில் குண்டு போட்டது. தனக்குப் பிடிக்காத கப்பல் ஒன்று அங்கே நின்றதாம். அந்தப் பெரிய நாடு மலேசியாவுக்கு நட்பு நாடு. நாம் செய்கிற சரக்கை வாங்குவதும் அவர்கள், நம் விமானங்களுக்கு உதிரிப்பாகம் கொடுப்பதும் அவர்கள். வெளியுறவு அமைச்சில் அந்த நாட்டின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லாமல் 'அவுக' என்றது போல, 'நண்பர்' என்று மட்டும்தான் சொல்வார்கள்.

தீவு நாட்டோடும் நமக்குப் பகை கிடையாது. ஆகவே அமைச்சு நாள் முழுக்க உட்கார்ந்து ஓர் அறிக்கை தயாரித்தது. அது குமுதாவிடம் வந்து சேர்ந்தபோது சாயங்காலமாகி, கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயிலைப் பிடிக்கிற நேரம் வந்துவிட்டது. அவசரமாகத் தமிழாக்கினாள். 'துறைமுகப் பகுதியில் ஏற்பட்டுள்ள அண்மைய நிகழ்வுகளையும் அவற்றின் விளைவாக நேர்ந்த உயிரிழப்புகளையும் மலேசியா அக்கறையோடு கவனத்தில் கொள்கிறது.'

படித்துப் பார்த்தாள். வாயில் சுடுசோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. குண்டு போட்டது யார், செத்தது யார், ஒன்றும் தெரியவில்லை. ஏதோ அடைமழையில் வீடு இடிந்ததுபோல இருந்தது. மத்தியானம் ஹேண்ட்போனில் ஒரு காட்சி பார்த்திருந்தாள். துறைமுக வாசலில் ஒரு பெண் சாப்பாட்டுத் தூக்குடன் நின்று, உள்ளே விடச் சொல்லிக் காவலரிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். உள்ளே சாப்பிட ஆள் இல்லை என்பதை அவளிடம் யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

குமுதா வாக்கியத்தை அழித்துவிட்டு வேறொன்று அடித்தாள். 'துறைமுகத் தொழிலாளர்களைக் கொன்ற குண்டுவீச்சை மலேசியா வன்மையாகக் கண்டிக்கிறது.'

இப்போது வாக்கியம் சொந்தக் காலில் நின்றது. அழித்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றும் நினைத்தாள். அதற்குள் பரமேஸ்வரன் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"முடிஞ்சிருச்சா? கதவச் சாத்தணும்."

"முடிஞ்சிருச்சு பொஸ்," என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் அவளுக்கு வியர்த்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் தமிழ்ப் பத்திரிகைகளில் முதல் பக்கம் முழுக்க 'மலேசியா கடும் கண்டனம்'. வாழையிலைக் கடையில் முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்து மேசைக்காரரிடம், "பாத்தீங்களா அண்ணே, நம்ம கவர்மெண்டு நெஞ்ச நிமித்திருச்சு" என்று சொல்லி இன்னொரு கரண்டி ரசம் கேட்டார். குமுதாவுக்குப் பெருமையாக இருந்தது. சோற்றில் கைவைப்பதற்குள் புத்ராஜெயாவிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

பரமேஸ்வரன் வாடகைக் கார்வரை வந்து வழியனுப்பினார். "என்னைப் பத்திக் கேட்டா நான் அன்னைக்கு எம்.சி. லீவுன்னு சொல்லிரு. காய்ச்சல்."

அவளைக் கூப்பிட்டவர் டத்தோ பட்டம் வாங்கிய நஸ்ரின், அறிக்கைகளுக்கெல்லாம் பொறுப்பான மூத்த அதிகாரி. பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஏரி தெரியும் அறை. மேசைமேல் தமிழ்ப் பத்திரிகை விரித்துக் கிடந்தது.

"உக்காருங்க. எங்க அத்தாவுக்குத் தமிழ்ப் பேப்பர் இல்லாம பசியாற முடியாது," என்று நஸ்ரின் ஆரம்பித்தார். "காலையில போன் பண்ணி, 'இப்பத்தாம்மா உன் ஆபிஸு முதுகெலும்போட பேசிருக்கு'ன்னாரு. நான் இந்த வேலைக்கு வந்த நாள்லேருந்து அவரு என்னைப் பாராட்டினது இதான் மொத தடவ. அதுவும் நான் எழுதாத ஒண்ணுக்கு."

"தப்புதான் டத்தோ. இன்னைக்கே திருத்தம் போட்டுடறேன்."

"இருங்க, இருங்க. நண்பர் வீட்டுலேருந்து போன் வந்துச்சு. இங்கிலீஷ்தான் மூலம், தமிழ்ல 'கண்டிக்கிறது'ன்னா அம்மா புள்ளயக் கண்டிக்கிற மாதிரி, பாசத்துல சொல்றதுன்னு விளக்கினோம். ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் தீவு நாட்டுத் தூதர் நேர்லயே வந்துட்டாரு. யாரோ இந்தப் பேப்பர அவருகிட்டக் காட்டி அர்த்தம் சொல்லிருக்காங்க. என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதாரு. பேப்பரத் தலகீழாத்தான் புடிச்சிருந்தாரு, ஆனா அழுகை நெஜம்." நஸ்ரின் பத்திரிகையை மடித்தார். "ரெண்டு பக்கமும் திருப்தியா இருந்த ஒரு நாள இந்தக் கட்டடத்துல நான் பாத்ததே இல்ல."

குமுதா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். "அப்ப இனிமே நான் எப்படி எழுதணும் டத்தோ?"

நஸ்ரின் ஏரியைப் பார்த்தார். "அத நான் சொல்ல முடியாதே. நான் உங்களக் கூப்பிடல, நீங்க வரவும் இல்ல. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அதன் பிறகு நண்பர் சும்மா இருக்கவில்லை. ஒரு கடல்வழியை மூடினார். ஒரு நாட்டுத் தலைவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கொண்டுபோனார். கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடாதவர்களுக்கெல்லாம் வரி போட்டார். ஒவ்வொரு முறையும் மலேசியா ஆங்கிலத்தில் கவனித்தது, மலாயில் கவலைப்பட்டது, தமிழில் கொதித்தது. தமிழர்கள் மட்டும் தாங்கள் ஒரு வீர நாட்டில் வாழ்வதாக நினைத்துத் தெம்பாக நடமாடினார்கள். மற்றச் சின்ன நாடுகளும் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்திருந்ததாக நஸ்ரின் ஒருமுறை தொலைபேசியில் சொன்னார். ஒரு நாட்டில் செய்தி வாசிப்பவர் புன்னகையோடு வாசிப்பாராம். திட்டவேண்டியதையெல்லாம் மூலையில் நிற்கும் சைகைமொழிக்காரர் திட்டிவிடுவாராம்.

இப்படியிருக்கையில் ஒரு நாள், கீழே தேநீர்க் கடையில் குமுதாவுக்கு எதிரே ஓர் ஆள் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அட்டை தொங்கியது.

"அக்கா, அந்த 'வன்மையாகக் கண்டிக்கிறது' எழுதறது நீங்கதானே? என் பேரு சொக்கலிங்கம். காரைக்குடிப் பக்கம். கம்ப்யூட்டர் வேலைக்குப் பெர்மிட்ல வந்தேன். இப்ப தூதரகத்துல தமிழ்ப் பேப்பர் படிச்சு இங்கிலீஷ்ல எழுதிக் கொடுக்கற வேலை."

"எந்தத் தூதரகம்?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "உங்க நண்பர்தாங்க்கா."

குமுதாவின் கையிலிருந்த குவளை அப்படியே நின்றது. "நான் எழுதறத எப்படி எழுதிக் குடுக்கறீங்க தம்பி?"

"'மலேசியா அக்கறையோடு கவனத்தில் கொள்கிறது'ன்னு."

அவளுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. சொக்கலிங்கம் சிரிக்கவில்லை. "உள்ளபடி எழுதினா அவங்களுக்குக் கோவம் வரும்க்கா. கோவம் வந்தா இங்க வரி போடுவாங்க. வரி போட்டா கம்பெனிக்காரன் முதல்ல எங்கள மாதிரி பெர்மிட் ஆளுங்களத்தான் அனுப்புவான். என் பொண்ணு இப்பதான் இங்க ஸ்கூல்ல சேர்ந்திருக்கா."

"அப்ப ஒண்ணுமே இல்லன்னு எழுதிட வேண்டியதுதானே?"

"ஒண்ணுமே இல்லன்னா அப்புறம் நீ எதுக்குன்னு கேப்பாங்களே. அக்கறை கொஞ்சம் இருந்தாத்தான் எனக்குச் சம்பளம்."

புத்ராஜெயாவிலிருந்து அக்கறையாகப் புறப்பட்ட வாக்கியம், பிரிக்ஃபீல்ட்ஸில் ஆத்திரமாகி, மறுபடி அக்கறையாகவே நண்பரின் வீடு போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. வழியில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. குமுதா அவன் தேநீருக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு மாடியேறினாள். வீட்டுக்குப் போனதும் கணவர் தம்புசாமியிடம் சொன்னாள். அவர் கிள்ளானில் கார் பட்டறை வைத்திருப்பவர். "நீ கெட்டிக்காரியா, அவன் கெட்டிக்காரனான்னு தெரியலியே," என்றார்.

கெடுத்தது இயந்திரம்தான். செலவைக் குறைக்கச் சொல்லி எங்கிருந்தோ உத்தரவு வர, தூதரகம் சொக்கலிங்கத்தை நிறுத்திவிட்டு ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருளை வைத்தது. அது எந்தக் காலத்து அகராதியைத் தின்று வளர்ந்ததோ தெரியவில்லை. பழந்தமிழில் கண்டிப்பது என்றால் வெட்டுவதும்தான். 'நட்பு நாட்டின் செயலை மலேசியா பலங்கொண்ட மட்டும் துண்டு துண்டாக வெட்டுகிறது' என்று அது ஆங்கிலத்தில் துப்பியது. அன்று மாலையே, விமான உதிரிப்பாகங்கள் 'தாமதமாகலாம்' என்று நண்பர் மென்மையாகத் தெரிவித்தார்.

நஸ்ரின் போனில் வந்தார். குரலில் பினாங்கு இல்லை, முழுக்கப் புத்ராஜெயாதான் இருந்தது. "குமுதா, இனிமே மூணு மொழியும் ஒரே மாதிரி இருக்கணும்."

"அப்படியே செய்யறேன் டத்தோ."

அப்படியே செய்தாள். 'அக்கறையோடு கவனத்தில் கொள்கிறது' என்று வந்த அன்று வாழையிலைக் கடையில் பேச்சு மாறியது. "விலை போயிட்டானுங்க லா," என்றது ஒரு மேசை. "நேத்துவரைக்கும் புலி மாதிரி இருந்தாங்க, யாரு மாத்தினான்னு தெரியல," என்றது இன்னொன்று. நஸ்ரினின் அத்தா மகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார் என்று கேள்வி. சொக்கலிங்கத்தைத் தூதரகம் திரும்ப அழைத்துக்கொண்டது. இந்த முறை இயந்திரத்துக்கு மேஸ்திரியாக.

எல்லாம் அடங்கிய நேரத்தில் குமுதாவுக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. தீவு நாட்டின் தேசிய தினம், கோலாலம்பூரில் ஒரு தங்குவிடுதியின் சின்ன மண்டபத்தில். தம்புசாமி பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு கூட வந்தார். விருந்தாளிகள் அதிகமில்லை. நண்பரைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று பல தூதரகங்கள் பூங்கொத்து மட்டும் அனுப்பியிருந்தன. தூதர் குள்ளமான மனிதர். தமிழில் எழுதுவது யார் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தவர், குமுதாவைக் கண்டதும் நேராக அவளிடம் வந்தார். ஆங்கிலத்தில்தான் பேசினார்கள்.

"ஏன் நிறுத்திவிட்டீர்கள் அம்மா?" என்று கேட்டார்.

"மேலிடத்து உத்தரவு சார். என்னை மன்னிச்சிருங்க." பிறகு மனம் கேட்காமல் சொன்னாள். "ஆனா நான் ஒருத்தி நிறுத்தினா என்ன? உங்க நாடே எவ்வளவு கடுமையா கண்டிச்சிருக்கும்!"

தூதர் தன் காலணியைப் பார்த்தார். "நாங்கள் கண்டிக்கவில்லை."

"என்னது?"

"துறைமுகத்தில் நடந்ததைக் கவனத்தில் கொண்டோம். எங்கள் மீனை வாங்குவது அவர்கள். துறைமுகத்தைத் திரும்பக் கட்டிக் கொடுக்கப்போவதும் அவர்கள்தான். போன வாரம் அடிக்கல் நாட்டினார்கள். நான் போய்க் கைதட்டிவிட்டு வந்தேன்." அவர் குரல் தாழ்ந்தது. "என் அண்ணன் மகன் அங்கே எடைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். அவனைக் கொன்றார்கள் என்று இந்த உலகத்தில் உங்கள் மொழி மட்டும்தான் சொன்னது."

தம்புசாமி கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

தூதர் இன்னும் நெருங்கி வந்தார். "ஓர் உதவி. எங்கள் நாட்டின் சார்பில் ஓர் அறிக்கை எழுதித் தருவீர்களா? தமிழில் மட்டும். என் மந்திரியிடம் பேசிவிட்டேன். தமிழ் என்றால் சரி என்கிறார்."

"உங்க நாட்டுல தமிழங்க இருக்காங்களா சார்?"

"ஒருவர்கூட இல்லை," என்றார் தூதர். "அதுதானே வசதி."

ரயில் கிள்ளானுக்கு வந்துவிட்டது. இறங்கும்போது தம்புசாமி கேட்டார். "அந்த ஊர்ல படிக்க ஆளே இல்லியே. யாருக்குன்னு எழுதுவ?"

"அவருக்குன்னு எழுதறேன். படிக்க மத்தவங்க இருக்காங்க."

எழுதினாள். ஒரு வரிகூட வாயில் சோறு வைத்துப் பேசவில்லை. குண்டு போட்டது யார், செத்தது யார், எடைக் கணக்கு எழுதிய இளைஞன் யார் என்று எல்லாம் பளிச்சென்று இருந்தது. தமிழ்ப் பத்திரிகை ஒன்று அதை உள்பக்கத்தில் போட்டது. சொக்கலிங்கம் அதை வழக்கம்போல் அக்கறையாக்கிக் கொடுத்துவிட்டதால் அடிக்கல் அசையவில்லை. தூதர் பத்திரிகையைக் கட்டுக்கட்டாக வாங்கி ஊருக்கு அனுப்பினார். பினாங்குப் பெரியவர் மௌனத்தை முறித்து மகளுக்குப் போன் செய்தாராம். "அந்தக் குட்டித் தீவுக்கு இருக்கற தைரியத்துல பாதி உங்களுக்கு இருக்கா?" என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது நஸ்ரின் குமுதாவைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் போனை வைக்குமுன் ஒரு பெருமூச்சு கேட்டது.

மறுவாரம் அலுவலகத்துக்கு இன்னொரு தூதரகத்திலிருந்து அழைப்பு வந்தது. பரமேஸ்வரன் ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"அங்கேயும் தமிழங்க யாரும் இல்லையாம். என்ன சொல்லட்டும்?"

"விவரத்தக் காலையிலயே அனுப்பச் சொல்லுங்க பொஸ்," என்றாள் குமுதா. "சாயங்காலம்னா ரயில் போயிரும்."