கலந்தர் மேட்டுக்கு ஒரு டிராக்டர்

தஞ்சாவூர் ஜில்லாவில் மலை கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த வாத்தியார்கள் யாரும் கலந்தர் பாய் வீட்டுக்கு விருந்துக்கு வந்ததில்லை. வந்திருந்தால் பாதி வழியில் ஒரு தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, "சாப்பாட்டை இங்கேயே கொண்டாந்துடுங்களேன்" என்று கேட்டிருப்பார்கள்.

கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இறங்கினால் கண்ணுக்கு எட்டிய வரை வயல், ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத சமதரை. அதன் நடுவே, மல்லாந்து படுத்த ஆள் ஒரு முழங்காலை மட்டும் மடக்கினதுபோல ஒரு மேடு. என்றோ செங்கல் சூளை போட்ட இடம். உடைந்த கல்லும் சாம்பலும் மண்ணும் சேர்ந்து உயர்ந்துபோனது. அளந்தவர்கள் இருபத்தெட்டு அடி என்பார்கள். கலந்தர் நாற்பது என்பார். மழைக்காலத்தில் அறுபது. உச்சியில் நின்றால் கும்பகோணத்துக் கோபுரங்கள் தெரியும், கண் நன்றாக இருந்தால் வேளாங்கண்ணி தெரியும், மனசும் நன்றாக இருந்தால் ஷார்ஜாவே தெரியும் என்பது அவருடைய கட்சி.

ஷார்ஜாவில் பத்தொன்பது வருஷம் கிரேன் ஓட்டியவர் அவர். கூண்டிலேயே உட்கார்ந்து பழகியவருக்குச் சமதரையில் நின்றால் தலை சுற்றியது. அதனால்தான் ஊரில் மற்றவர்கள் ரோட்டோர மனையாகப் பார்த்து வாங்கியபோது, இவர் ஒருவரும் சீண்டாத இந்த மேட்டைச் சுற்றியிருந்த ஒன்பது மா நிலத்தோடு, அதாவது மூன்று ஏக்கரோடு, வாங்கி, உச்சியில் வீட்டைக் கட்டினார். சரிவெல்லாம் தென்னை, மா, வாழை. அடியில் நெல் வயல். கட்டிவிட்டு அவர் பாட்டுக்கு விமானம் ஏறிவிட்டார். மேட்டில் ஏறி இறங்கியதெல்லாம் அவர் மனைவி நூர்ஜஹான்தான். அரிசி மூட்டையிலிருந்து ஆட்டு எரு வரை எல்லாம் ஆள் தலைமேல் ஏறித்தான் உச்சிக்கு வரவேண்டும். கூலிக்கு வருகிறவர்கள் சமவெளிக்கு ஒரு கூலி, மேட்டுக்கு ஒரு கூலி என்று இரண்டு விலை வைத்திருந்தார்கள்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வரும்போது கலந்தர் ஓர் இரும்புப் பெட்டியோடு வருவார். கிரேன் ஒர்க்‌ஷாப் ஆட்கள் அன்பு மிகுதியில் தடித்த தகட்டை வெட்டி வெல்டிங் வைத்துக் கொடுத்த பெட்டி. ஓர் ஒட்டகத்தை நாலாக மடித்து உள்ளே வைக்கலாம். மூடியில் வெள்ளை பெயிண்டில் 'கலந்தர், சென்னை' என்று எழுதியிருக்கும். அதை மேட்டில் ஏற்ற அவரே கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவதை ஊரே பார்க்க வரும்.

தொண்ணூற்றேழாம் வருஷம் அவர் ஒரு முடிவோடு வந்தார். இனிப் போவதில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்து சாப்பிட முடியாது. ஒரு டிராக்டர் வாங்கவேண்டும். அது வீட்டு மேட்டுக்கு எருவும் அரிசி மூட்டையும் ஏற்றவேண்டும், கீழே ஊரார் வயலில் வாடகைக்கு உழவு ஓட்டவேண்டும். இரண்டையும் செய்தால் தங்கிவிடலாம். கையில் இருந்தது ஒரே ஒரு வண்டிக்கான பணம். தப்பான வண்டியாகப் போனால் மறுபடி கூண்டுதான். அந்தக் கூண்டும் மார்ச் இருபத்தெட்டு வரைதான் காத்திருக்கும். ஊரில் ஆறு மாசம் தாண்டினால் விசா செத்துப்போகும்.

"இந்தத் தடவை போறதா இருந்தா பெட்டியை நீங்களே கட்டிக்குங்க. என் கை அதுல படாது" என்று அவர் வந்த அன்றே நூர்ஜஹான் சொல்லிவிட்டாள்.

எந்த அளவு வண்டி என்பதுதான் கேள்வி. டெல்டாவில் டிராக்டரைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அதிலும் மேட்டுக்கு அடியில் குடியிருந்த துரைக்கண்ணுவிடம் சொந்த டிராக்டர் கிடையாது என்பதால் எல்லா டிராக்டரும் அவருக்கு அத்துப்படி.

"அம்பது ஹெச்.பி.க்குக் குறைஞ்சு பாக்காதீங்க பாய்" என்றார். "வண்டின்னா தூரத்துலேருந்தே சத்தம் கேட்டு ஆடு மாடு ஒதுங்கணும்."

"சின்ன வண்டி போதும்னு நூரு சொல்லுதுய்யா."

"தங்கச்சி சொல்லும். கப்பல் கணக்கா கிரேன் ஓட்டிட்டு வந்து, குழந்தைப் புள்ள வண்டி மாதிரி ஒண்ணுல உக்காந்து போனீங்கன்னா ஊரு என்ன சொல்லும்? ஷார்ஜாவுல இவரு கூட்டிப் பெருக்குனாருன்னு சொல்லும்."

அது கலந்தருக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே நூர்ஜஹானையும் சேர்த்து மூவரும் கும்பகோணத்தில் புதிதாகத் திறந்திருந்த ஷோரூமுக்குப் போனார்கள். கண்ணாடி போட்ட கடைக்குள் டிராக்டர் நிற்பதை அன்றைக்குத்தான் துரைக்கண்ணு பார்த்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். விற்பனையாளர் சதீஷ் கழுத்தில் டை கட்டியிருந்தான். மூவருக்கும் கூல்டிரிங்க் கொடுத்துவிட்டு, நேராகப் பெரிய வண்டியின் பக்கம் கூட்டிப்போனான்.

"சார் ரேஞ்சுக்கு இதுதான் சார். அம்பது ஹெச்.பி. எவ்வளவு சேறா இருந்தாலும் சும்மா பூ மாதிரி போகும்."

நூர்ஜஹான் கைப்பையிலிருந்து கொடிக்கயிறு ஒன்றை எடுத்தாள். அதில் மூன்று இடத்தில் முடிச்சு. ஒரு முடிச்சைப் பின்சக்கரத்தில் வைத்து, அடுத்த சக்கரம் வரை இழுத்துப் பார்த்தாள்.

"என்னம்மா அளக்குறீங்க?" என்றான் சதீஷ்.

"எங்க வாழைக்கும் தென்னைக்கும் நடுவுல இருக்குற வழிப்பா இது. இந்த வண்டி போனா ஒரு பக்கம் வாழை இருக்காது. இந்த முடிச்சு மாங்கிளை உயரம். இந்த வண்டியில அவர் உக்காந்து போனாருன்னா தலை கிளையிலேயே தங்கிடும்."

"மேடம், கிளையை வெட்டிக்கலாம்."

"அது ஒட்டு மாமரம்பா. உன் வண்டி காய்க்குமா?"

மூலையில் இருபத்தைந்து ஹெச்.பி. வண்டி ஒன்று, தூசி படிந்து, கல்யாணத்துக்கு அழைக்கப்படாத சொந்தக்காரனைப்போல நின்றது. நூர்ஜஹான் கயிற்றை அதன்மேல் வைத்தாள். முடிச்சு மூன்றும் பொருந்தின. ஆனால் கலந்தரின் கண் பெரிய வண்டியின் புகைபோக்கியைவிட்டு இறங்கவில்லை. "ட்ரையல் பாக்காம வேணாம்" என்று மட்டும் சொன்னார். சரி, பெரிய வண்டியையே முதலில் அனுப்புகிறேன் என்றான் சதீஷ்.

வண்டி வந்த அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு விடாததுதான் பாக்கி. முதலில் கீழே வயலில் தண்ணீர் கட்டி, சேறாக்கி, உழுது பார்த்தார்கள். டெல்டாவில் டிராக்டருக்கு இருக்கிற ஒரே பரீட்சை அதுதான். வண்டி பாஸ். அடுத்தது மேடு. கலப்பை மாட்டும் கைகளில் ஒரு பலகைத் தட்டைப் பொருத்தி, எட்டு மூட்டை எருவை அடுக்கினார்கள்.

"ஒரு நிமிஷம்" என்றார் துரைக்கண்ணு. "இங்க தண்ணி விடலையே."

அங்கே கூடியிருந்த நூறு பேரில் ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் விட்டுத்தான் நிலத்தில் வண்டியோ மாடோ இறங்கியிருக்கிறது. காய்ந்த மண்ணில் டிராக்டரை விடுவது இலை போடாமல் சோறு பரிமாறுகிற மாதிரி. கலந்தரே போய் மோட்டாரைப் போட்டார். அரை மணி நேரம் மேட்டின் சரிவு முழுக்கத் தண்ணீர் பாய்ந்தது. நூர்ஜஹான் உச்சியிலிருந்து ஏதோ கத்தினாள். மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

கலந்தர் ஏறி உட்கார்ந்து வண்டியை விட்டார். பத்தடி ராஜாவாகப் போயிற்று. பதினைந்தாவது அடியில் சக்கரம் சுற்றிய அளவுக்கு வண்டி போகவில்லை. இருபதாவது அடியில் முன்சக்கரம் இரண்டும் தரையைவிட்டு எழும்பி வானத்தைப் பார்த்தன. கலந்தர் கிளட்ச்சை மிதித்தார். அப்புறம் நடந்ததை ஊரில் இன்றைக்கும் பதினாறு விதமாகச் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவானது இது: இரண்டு டன் இரும்பு, எட்டு மூட்டை எரு, ஒரு ஷார்ஜா ரிட்டர்ன் எல்லாம் சேர்ந்து, வெண்ணெயில் வழுக்கிய கரண்டி மாதிரி பின்னோக்கி வந்து, இரண்டு வாழையைச் சாய்த்து, துரைக்கண்ணுவின் வைக்கோல் போருக்குள் புகுந்து, அந்தப் பக்கம் புகைபோக்கியை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. பலகைத் தட்டு சுக்கல். கலந்தருக்கு ஒரு சிராய்ப்பு இல்லை. மூக்குக்குள்தான் வைக்கோல்.

"பவர் பத்தல சார்" என்றான் சதீஷ். "அறுபதுக்குப் போயிடலாம்."

கூட்டம் ஆமாம் என்று தலையாட்டியது.

கலந்தர் வைக்கோலைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு ஏறினார். மறுநாள் காலை பஸ் ஏறிக் கும்பகோணம் போய், டிராவல்ஸில் டிக்கெட் விசாரித்துவிட்டு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சட்டைப் பையில் டிராவல்ஸ்காரன் கொடுத்த சீட்டு இருந்தது. துணி துவைப்பவள் நூர்ஜஹான்.

சீட்டைத் தண்ணீரில் நனையாமல் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இருபத்தாறாம் தேதின்னு எழுதியிருக்கு."

"விசாரிச்சேன், அவ்வளவுதான். அம்பதே ஏறலையே நூரு. சின்னது எப்படி ஏறும்?"

"தண்ணி ஊத்துன மேட்டுல நானே ஏற மாட்டேன். மழை பேஞ்சா ரெண்டு நாள் கடைக்கே போறதில்ல. நூறு ஆம்பளை நின்னீங்களே, ஒருத்தருக்குத் தோணுச்சா?" மோட்டார் ரூம் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அந்தச் சின்ன வண்டியைக் கொண்டாரச் சொல்லுங்க. அதுவும் ஏறலைன்னா போயிட்டு வாங்க. நான் தடுக்கல."

சின்ன வண்டியோடு சதீஷ் வந்தபோது கூட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. வயலில் இன்னும் காயாமல் கிடந்த சேற்றில் முதலில் இறக்கினார்கள். பெரியது முட்டளவு இறங்கிய இடத்தில் இது கொக்கு மாதிரி நடந்து கரையேறியது. கலந்தரின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

"சரி, மூட்டையை எதுல அடுக்கறது?" என்றார். "பலகைதான் போச்சே."

நூர்ஜஹான் வீட்டுக்குள் கை காட்டினாள். பெட்டி.

"அது போறதுக்கு உள்ள பெட்டி, நூரு."

"இருக்கட்டும். இன்னிக்கு இங்க வேலை செய்யட்டும்."

பெட்டியை நாலு பேர் கீழே இறக்கி, வண்டியின் பின்கைகளில் சங்கிலி போட்டு இறுக்கினார்கள். நாலு மூட்டை ஆட்டு எருவை மூட்டையோடு வைக்கச் சொன்னார் கலந்தர். நூர்ஜஹான் மூட்டையை அவிழ்த்து அப்படியே உள்ளே கொட்டினாள். வெள்ளை பெயிண்ட் எழுத்துமேல் எருத்தூள் பறந்தது.

வண்டி கிளம்பியது. காய்ந்த மண்ணில் சக்கரம் நன்றாகவே பிடித்தது. ஆனால் பாதி மேட்டில் அதே கதை. முன்சக்கரம் மெல்ல எழும்பியது. கலந்தர் கிளட்ச்சை மிதிக்க, தொம்மென்று இறங்கியது. இரண்டாவது தடவையும் எழும்பியது. மூன்றாவது தடவைக்கு அவர் முயலவில்லை. வண்டியை அடிக்கு இறக்கி நிறுத்திவிட்டு, கைகளை ஸ்டீயரிங்மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பார்வை கிழக்கே, பஸ் வருகிற ரோட்டில் இருந்தது.

துரைக்கண்ணு தொண்டையைக் கனைத்தார். "அறுபது ஹெச்.பி.ன்னு அந்தத் தம்பி சொன்னுச்சு..."

"நீங்க சும்மா இருங்கண்ணே" என்ற நூர்ஜஹான் வண்டி அருகில் வந்தாள். "ஏங்க, ஒவ்வொரு தடவையும் வந்து இறங்குனதும் இந்தப் பெட்டியை எப்படிங்க மேல ஏத்துவீங்க?"

"எப்படி ஏத்துவேன்? கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போவேன்."

"எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு?"

"பெட்டியைப் பாத்துக்கிட்டு. அதோட கனத்துக்கு முன்னாடி பாத்து நடந்தா ஆளைக் கீழ தள்ளிடும். பின்னாடியே நடந்து, பின்னாடியே..."

நிறுத்திவிட்டார். கிரேன் கூண்டில் பத்தொன்பது வருஷம், பாரம் எந்தப் பக்கம், கனம் எந்தப் பக்கம் என்று பார்த்தே சம்பளம் வாங்கியவர். மேட்டைப் பார்த்து முகம் வைத்து ஏறினால் பின்னால் தொங்கும் பெட்டி மூக்கைத் தூக்குகிறது. திருப்பி வைத்தால் கனமான எஞ்சின் கீழே, பெட்டி மேலே. எழும்புவதற்கு மூக்குக்கு வழியே இல்லை. பெட்டியின் பாரமே பின்சக்கரத்தை மண்ணில் அழுத்தும். இருபது மாடிக் கட்டடத்துக்கு இரும்பு தூக்கினவருக்கு, சொந்த வீட்டுக்கு ஆட்டு எரு தூக்கும்போது இது தெரியாமல் போயிற்றே.

வண்டியைத் திருப்பினார். முகம் ரோட்டுக்கு, முதுகு வீட்டுக்கு. ரிவர்ஸ் போட்டார்.

வண்டி புறப்பட்டது. மாப்பிள்ளை ஊர்வலம்கூட அத்தனை நிதானமாகப் போயிருக்காது. வாழைக்கும் தென்னைக்கும் நடுவே கயிற்று முடிச்சுக்கணக்காகப் புகுந்தது. ஒட்டுமாங்கிளை கலந்தரின் தொப்பியை மட்டும் தொட்டது. முன்சக்கரம் இரண்டும் தரையைவிட்டு ஒரு நூல் எழவில்லை. கூட்டம் பின்னாலேயே ஏறியது. துரைக்கண்ணுவும் ஏறினார். சொந்தக்காலில் முன்னோக்கி ஏறிய அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

"இதைத்தான் பாய் நான் அன்னிக்கே சொல்ல வந்தேன்" என்றார் உச்சியில் நின்று.

"நீங்க மோட்டாரைப் போடத்தானண்ணே சொன்னீங்க" என்றாள் நூர்ஜஹான்.

கலந்தர் இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தார். வண்டியின் முகம் ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் நின்றது. ரோடு முடிந்து கும்பகோணத்துக் கோபுரம் தெரிந்தது. அன்று ஏனோ ஷார்ஜா தெரியவில்லை.

சதீஷ் டையைச் சரிசெய்துகொண்டு வந்தான். "சார், இதையே புக் பண்ணிடலாமா? இல்ல, யோசிக்கணுமா?"

கலந்தர் மனைவியைப் பார்த்தார். அவள் பெட்டியைத் திறந்து எருவை மண்வெட்டியால் தென்னை அடியில் சரித்துக்கொண்டிருந்தாள். முழுதும் சரித்தபின் உள்ளே எட்டிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, திருப்தியாக மூடியைச் சாத்தினாள்.

"பண்ணிடு தம்பி" என்றாள். "இனிமே இந்தப் பெட்டியை எந்த ஏர்போர்ட்டுலயும் உள்ள விட மாட்டான்."

கலந்தர் மறுபடி சட்டைப் பையில் செருகி வைத்திருந்த டிராவல்ஸ் சீட்டை எடுத்து, வைக்கோல் போரில் புகுந்த நாளிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த மூக்கை அதில் நன்றாகச் சிந்தினார். பிறகு வண்டியை முன்னோக்கி விட்டு, அடுத்த நடைக்கு இறங்கினார்.