நற்பேறு கம்பெனியின் சாவு

சரோஜினி அம்பலவாணர் திவால் வழக்குகளின் நீதிபதியாக இருந்த பதினோரு ஆண்டுகளில், அவர் கலைக்கச் சொல்லிக் கையெழுத்திட்ட ஒவ்வொரு கம்பெனியும் அவருடைய நீதிமன்ற அறையிலேயே விழுந்து செத்தது. கம்பெனி என்பது தனி ஆள், அதற்கென்று பெயரும் பிறந்த தேதியும் உண்டு என்று சட்டமே சொல்வதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அறை வாசலில் ஒரு தள்ளுவண்டி எப்போதும் நின்றது. பத்து மணிக்குள் மூன்று சாவு விழுந்தால் கீழ்த்தளத்திலிருந்து இன்னொரு வண்டி வரவேண்டும். மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் வைத்துத்தான் வழக்குகளுக்கு நேரம் குறித்தார்கள்.

சரோஜினி செம்பவாங்கில் பிறந்தவர். அப்பா அம்பலவாணர் கப்பல் பட்டறையில் கிளார்க்காக இருந்தார், எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படிக்காமல் கையெழுத்துப் போடாதவர். மகளும் அப்படியே. இருபது வருடம் வக்கீலாக இருந்துவிட்டு நீதிபதியானார். கோபக்காரர், ஆனால் அதை முகத்தில் காட்டமாட்டார், பேனா மூடியைக் கடிப்பார். மாதத்துக்கு ஆறு மூடி போனது. கிருமித்தொற்றுக் காலத்தில் தேக்காவில் அன்னம்மா நடத்திய இட்லிக் கடை சரோஜினி முன்னால் செத்தபோது, அது கைக்குழந்தை அளவுதான் இருந்தது. அன்னம்மா தள்ளுவண்டி வேண்டாமென்று சொல்லி, அதைத் துப்பட்டாவில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கடன் முழுவதையும் தானே ஏற்றுக்கொண்டு அந்த வாரமே திவாலானார். அன்று நீதிபதி சாப்பாட்டைத் தொடவில்லை, இரண்டு மூடிகளைக் கடித்துத் துப்பினார்.

நற்பேறு கட்டுமானக் கம்பெனி வேறு ரகம். அதைப் பெற்றவர் தங்கராஜு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவார், மேடையில் மாலை வாங்குவார். கிராஞ்சித் தொழிலாளர் விடுதியில் இருந்த அவருடைய ஆட்கள் அறுபத்து மூன்று பேருக்கு ஏழு மாதமாகச் சம்பளம் கொடுக்கவில்லை. பணத்தை வழித்து எடுத்துவிட்டு, மனைவி பெயரில் அதே லாரிகளோடு புதுக் கம்பெனி தொடங்கிய பிறகு, பழையதைக் கலைத்துவிடும்படி அவரே வந்து கேட்டார். எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். சரோஜினி கடைசி வரி வரை இரண்டு முறை படித்தார், ஓட்டை எதுவும் அகப்படவில்லை, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கம்பெனி சாட்சிக் கூண்டுக்கு முன்னால் விழுந்தது. ஆறடி உயரம், காலில் சிமெண்ட் படிந்த பூட்ஸ், மேலே இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை.

அதை யாராலும் தூக்க முடியவில்லை. எட்டுக் காவலர்கள் தூக்கிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஃபோர்க்லிஃப்ட் வந்தது, அதன் டயர் வெடித்தது. பத்து நாள் வக்கீல்கள் ஆளாளுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பிணத்தைத் தாண்டிப் போனார்கள். ஏசி நன்றாக வேலை செய்ததால் நாற்றம் இல்லை. பதினோராம் நாள், நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளர் ஜாஃபர் நீதிபதியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மேடம், எங்கள்ல மையத்த, அதான் பொணத்த, தூக்குறதுக்கு முன்னாடி கூட்டத்தப் பாத்துக் கேப்பாங்க. இவரு யாருக்காச்சும் கடன் பாக்கி வச்சிருந்தா இப்பவே சொல்லுங்க, வாரிசு ஏத்துக்கும்னு. அதக் கேக்காம தூக்குனா எப்படி லா?"

"இதுக்கு வாரிசு யாரு, ஜாஃபர்?"

"பெத்தவருதான் மேடம்."

சரோஜினி ஓர் ஆணை எழுதினார். கலைக்கப்பட்ட கம்பெனியை எடுப்பதற்கு முன், அதனிடமிருந்து பாக்கி வரவேண்டியவர்கள் வந்து வாயால் சொல்லலாம். அவ்வளவுதான். யாரும் எதையும் கட்ட வேண்டும் என்று அதில் இல்லை. தங்கராஜுவின் வக்கீல் ரமணன் அவரைப் போகவே வேண்டாம் என்று தடுத்தார். அதைக் கேட்டிருந்தால் தங்கராஜு தப்பித்திருப்பார். ஆனால் சிராங்கூன் சாலையில், சொந்தக் கம்பெனி சாவுக்கே போகாத மனுஷன் என்று பேச்சு கிளம்பிவிட்டது. புக்கிட் மேராவிலிருந்து செம்பவாங் வரை ஒரு சாவு வீடு விடாமல் முன்வரிசையில் நின்று பெயர் வாங்கியவருக்கு அது பொறுக்கவில்லை. ரோஜா மாலை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அறுபத்து மூன்று பேரும் லாரியில் வந்தார்கள். முதலில் பேசியவர் செல்வராஜ். அவருடைய வேலை அனுமதி அடுத்த வாரம் முடிந்துவிடும், கையில் காசில்லை.

"ஏழு மாசச் சம்பளம் மேடம். ஐயாயிரத்து அறுநூறு வெள்ளி. ஃபீஸ் கட்டலன்னு எம்பொண்ணுக்கு ஹால் டிக்கெட் குடுக்க மாட்டேங்குறாங்க."

யார் ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று ஜாஃபர் கேட்டார். தங்கராஜு மாலையின் நாரைச் சரி செய்துகொண்டிருந்தார். பிணம் ஒரு சாண் அவர் பக்கம் நகர்ந்தது. அடுத்தவர் சொன்னார், இன்னொரு சாண். நாற்பதாவது ஆள் சொல்லி முடித்தபோது அது அவருடைய காலணியைத் தொட்டது. கடைசி ஆள் சொன்னதும் எழுந்து அவர் முதுகில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"மேடம், இது என் மேல வரக்கூடாது லா! கம்பெனி வேற, நான் வேற. நீங்களே தீர்ப்புல எழுதியிருக்கீங்க!"

"எழுதினேன் மிஸ்டர் தங்கராஜு. சட்டம் அப்படித்தான் சொல்லுது. நான் கையெழுத்துதான் போட்டேன், உங்க முதுகுல ஏத்தி விடல. எடுத்துட்டுப் போங்க."

எந்தப் பிரிவின் கீழ் இப்படி ஓர் ஆணை என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். சாவுக்குரிய மரியாதையின் கீழ் என்று சரோஜினி ஒரு வரியில் பதில் எழுதினார். அடுத்த மாதமே வேலி, சுவர்த் தகராறுகளுக்கு மாற்றப்பட்டார். அங்கே ஒன்றும் சாவதில்லை. ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தார். செல்வராஜ் வெறுங்கையோடு ஊருக்கு விமானம் ஏறினார். அவர் மகள் அந்த வருடம் பரீட்சை எழுதவில்லை. இதை எழுதும்போதும் ஆத்திரம் அடங்க மாட்டேன் என்கிறது.

தங்கராஜு பிணத்தோடுதான் நடமாடுகிறார். டாக்சியில் பின் இருக்கை முழுவதும் வேண்டியிருக்கிறது. கோயில் வாசலில் காவலாளி கும்பிட்டுவிட்டு, தீட்டு என்று திருப்பி அனுப்புகிறார். ஒருவருக்குப் பாக்கியைக் கொடுத்தால் ஓர் ஆள் எடை குறைகிறது என்பதை அவர் ஆறாம் மாதம் கண்டுபிடித்தார். மூச்சு விட முடியாமல் இரண்டு வருடத்தில் அறுபத்து இரண்டு பேருக்குக் கொடுத்து முடித்தார். முதலில் வாய் திறந்தவன் என்ற வன்மத்தில் செல்வராஜுக்கு மட்டும் கொடுக்கவில்லை. ஓர் ஆள் எடையைச் சுமந்துவிடலாம் என்று நினைக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தேக்காவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு வருவார். சரோஜினியும் அதே கடைக்கு வந்து எதிர் மேசையில் உட்காருவார். "செல்வராஜுக்கு அனுப்பியாச்சா?" என்று கடை முழுவதும் கேட்கும்படி கேட்பார். பரிமாறுபவர் வழக்கம்போல தங்கராஜுவுக்கு இரண்டு இலை போட்டு, இரண்டுக்கும் பில் கொடுக்கிறார்.