விலக்கு பெற்ற விமானி

சுமத்ராத் தீவின் மேடானிலிருந்து கடல் கடந்து சுபாங்குக்கு வந்த அந்தச் சின்ன விமானத்தில் அன்று ஒரே ஒரு பயணி. பெயர் சுகுமாறன், சுபாங்குக்குப் பக்கத்துக் கிள்ளான்காரர், சுமத்ராவில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் இன்ஜினியர். கொரோனா உச்சத்தில் இருந்த சமயம். கிள்ளான் வீட்டில் அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று தகவல் வந்ததும், இருந்ததையெல்லாம் வழித்துப்போட்டு வாடகை விமானம் பிடித்திருந்தார். ஓட்டியவள் வசுந்தரா. வழியில் பின்னாலிருந்து அவர் இருமுவது கேட்டது.

"ஏசி ஒத்துக்கல, கேப்டன்" என்றார்.

இறங்கியதும் சுகாதாரத் துறையின் வெள்ளை உடுப்புக்காரர்கள் இருவரையும் பிரித்தார்கள். பயணி இரண்டு வாரம் ஹோட்டலில் அடைந்து கிடக்க வேண்டும். விமானிக்கு அது கிடையாது. மூக்கில் குச்சியை விட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம்.

"ஒரே காத்ததானே ரெண்டு பேரும் இழுத்தோம்? உங்களுக்கு வீடு, எனக்கு ஹோட்டலா?" என்றார் சுகுமாறன். அதில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

அவளுக்குச் சோதனையில் ஒன்றுமில்லை என்றே வந்தது. நகரப் போனவளை அவர் மறுபடி கூப்பிட்டார். "அப்பா இந்த வாரம் தாண்டமாட்டாருங்கறாங்க. அம்மாகிட்ட செல்போன் கிடையாது, வீட்டு போன் அப்பா கட்டில் வரைக்கும் எட்டாது. நீங்க ஒருதடவ போயி, போனை அப்பா காதுல வச்சாப் போதும், அக்கா."

கேப்டன் அக்காவாகிவிட்டாள். தன்னுடைய பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் அன்றிரவு முழுக்க அந்த வார்த்தை அவளைத் தூங்கவிடவில்லை. மறுநாள் மதியம் காரை எடுத்தாள். ஊரடங்குச் சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் அவளுடைய விமானி அட்டையைப் பார்த்ததும் மறுபேச்சில்லாமல் வழிவிட்டார். மற்ற கார்களெல்லாம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

கிள்ளான் வீட்டில் சுகுமாறனின் அம்மா அமுதவள்ளி வாசலிலேயே நின்றிருந்தார். அப்பா வேலாயுதம் கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக் கிடந்தார். வசுந்தரா போனை அவர் காதருகே பிடித்தாள். "அப்பா, நான் சுகு பேசறேன்பா. வந்துட்டேன்பா, இங்கதான் பக்கத்துல இருக்கேன்" என்று அந்தப் பக்கம் குரல் உடைந்தது. கிழவரின் உதடு அசைந்தது. கண்ணோரம் நீர் வழிந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அவர் போய்ச் சேர்ந்தார்.

அமுதவள்ளி வசுந்தராவைக் கட்டிக்கொண்டு அழுதார். விலக்கிவிட அவளுக்கு மனசு வரவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றாள். முகக்கவசம் இரண்டு பேருக்குமே கண்ணீரில் நனைந்து கழுத்துக்கு இறங்கிவிட்டது.

அந்த வாரக் கடைசியில் ஹோட்டலிலிருந்து சுகுமாறன் செய்தி அனுப்பினார்: அவருக்குத் தொற்று. வசுந்தராவுக்கு அப்போதே தொண்டை கரகரத்துக்கொண்டிருந்தது. சோதித்துப் பார்த்தாள். இரண்டாவது கோடு மெலிசாகத் தெரிந்தது. அவளுக்கு அது சளியோடு போய்விட்டது. அமுதவள்ளிக்கு அப்படிப் போகவில்லை. சுகுமாறன் ஹோட்டலை விட்டு வெளியே வந்தபோது அம்மாவும் இல்லை.

அதன் பிறகு காலி விமானத்தைத் திருப்பி ஓட்டிவரும் நாட்களில் வசுந்தராவுக்குப் பின் இருக்கையிலிருந்து இருமல் கேட்கத் தொடங்கியது. முதலில் ஆண் குரல். பிறகு, வயதான பெண்ணின் குரல். காதொலிப்பானைக் கழற்றினால் இன்ஜின் சத்தம் மட்டும்தான். மாட்டினால் மறுபடியும் இருமல். திரும்பிப் பார்க்க மாட்டாள். மலாக்கா நீரிணை முழுக்கக் கழுத்து விறைத்தபடியே வருவாள். வீட்டில் அவளுடைய அப்பா கந்தையா சாப்பிடக் கூப்பிட்டால் தட்டை அறைக்குள் எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

சிறு விமானம் ஓட்டுபவர்களுக்கு ஹோட்டலில் அடைபடுவதிலிருந்து இருந்த விலக்கை எடுத்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. கம்பெனி முதலாளி ராதாகிருஷ்ணன் கணினித் திரையில் எல்லா விமானிகளையும் கூட்டினார்.

"நம்மளையும் அடைச்சு வச்சா மருந்து, ஆக்சிஜன் எல்லாம் யாரு கொண்டு வரது? விலக்கு வேணும்னு எல்லாரும் கேப்போம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"கொண்டு வரலாம், பாஸ். அப்புறம் வெளிய எறங்காம, விமானத்துலயே இருந்து அடுத்த சரக்குக்குத் திரும்பிப் போகலாம் லா" என்றாள் வசுந்தரா. "வீட்டுக்குப் போகலாம்னு சொன்னா நாம போயிடுவோம். நான் போனேன். நல்லதுதான் செய்யறோம்னு நெனச்சுத்தான் போனேன்."

விலக்கு அப்படியே நீடித்தது. அவள் மட்டும் ஒவ்வொரு முறையும் தானாகப் போய் ஹோட்டலில் அடைந்தாள். "பைத்தியமா இவளுக்கு?" என்று சக விமானிகள் சொன்னது காதுக்கு வந்தது. அவளுக்கு வேலை குறைந்து, வேறு ஆட்களுக்குப் போயிற்று.

எல்லை திறந்து, ஹோட்டல்களெல்லாம் மறுபடியும் சுற்றுலாப் பயணிகளால் நிறைந்த பிறகுதான் அவளுக்குக் கிள்ளான் போகத் துணிவு வந்தது. சுகுமாறன் கதவைத் திறந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. உள்ளே அப்பா, அம்மா படங்களுக்குப் புது மாலை. அவரே தேநீர் கலந்து கொண்டுவந்து வைத்தார்.

வசுந்தரா கோப்பையைத் தொடவில்லை. "நான் அன்னிக்கு வந்திருக்கக் கூடாது" என்றாள்.

"வரலேன்னா அப்பா என் குரலைக் கேக்காமலே போயிருப்பாரு."

"அம்மா இருந்திருப்பாங்க."

அவர் அம்மா படத்தைத் திரும்பிப் பார்த்தார். வெளியே ஐஸ்கிரீம் விற்பவர் மணியடித்துக்கொண்டு போனார்.

"உங்களையே எத்தனையோ நாள் திட்டியிருக்கேன், அக்கா. பொய் சொல்ல விரும்பல. அப்புறம்தான் ஒறைச்சுது. இருமினது நான். உங்களை இங்க அனுப்பினதும் நான். யாரு கொண்டாந்ததுன்னு கேக்க ஆரம்பிச்சா, கடைசில என்கிட்டத்தான் வந்து நிக்குது."

அவள் தலை நிமிர்ந்தாள். அவர் முகத்தில், கண்ணாடியில் தினமும் தான் பார்க்கும் அதே முகம்.

"உங்களுக்கும் கேக்குதா?" என்றாள்.

எது என்று அவர் கேட்கவில்லை. "சமையக்கட்டுல, அம்மா இருமறது. சாயந்தரமானா" என்றார்.

இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். வெயில் தாழ்ந்தது. அவர் எழுந்து விளக்கைப் போட்டார். அவள் போக எழவில்லை.