ஐம்பது ரிங்கிட் வரம்பும் ரெங்கம் ராஜாவும்

மகள் செலவுக்கு வரம்பு வைத்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கனகராஜின் கைப்பேசி விளையாட்டுக்குள் இருந்த மாவீரன் பசி தாங்காமல் வீட்டுக்கே வந்துவிட்டான். பாசிர் கூடாங்கின் அந்த வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். ஏழடி உயரம், செம்பு நிறக் கவசம், முதுகில் நீலச் சிறகுகள், கையில் தீப்பொறி கக்கும் வாள். கேட்டைத் திறக்கத் தெரியாமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தான். கார் கழுவிக்கொண்டிருந்த எதிர்வீட்டு ஷர்மினி குழாயை மூடிவிட்டு, "அண்ணே, உங்க ரெங்கம் பக்கத்து ஆளா?" என்று கேட்டாள். கனகராஜ் ஆமாம் என்றார். அது முழுப் பொய்யும் இல்லை. விளையாட்டில் பெயர் கேட்டபோது வேறெதுவும் தோன்றாமல் அவர்தான் தன் சொந்த ஊரைச் சேர்த்து அவனுக்கு ரெங்கம் ராஜா என்று பெயர் வைத்திருந்தார்.

கனகராஜ் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். காலை ஷிப்ட்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டால் மதியம் வரைக்கும் எண்ணெய்த் தொட்டிகளின் நிழலில் பஸ்ஸை நிறுத்திக் காத்திருப்பதுதான் வேலை. அந்த நிழலில்தான் விளையாட்டுத் தொடங்கியது. முதலில் எல்லாம் இலவசம். பிறகு ராஜா ஓடுவதற்கு வைரம் வேண்டியிருந்தது, எழுந்து நிற்பதற்கும் வேண்டியிருந்தது, வைரத்தை ரிங்கிட் கொடுத்துத்தான் வாங்க முடிந்தது. ஒரு சம்பள நாளில் நீலச் சிறகு சலுகை விலையில் வந்தது. அந்த விலைக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கியிருக்கலாம். அப்போது வீட்டில் மெஷின் பழுதாகி, அவர் மனைவி பிரேமலா பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து துணியையும் கையால் துவைத்துக்கொண்டிருந்தாள். மகள் லோஷினிக்கு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்து, மடிக்கணினிக்கென்று சேர்த்த பணத்தைத் தேடியபோது, அது ராஜாவின் வாளாகவும் தலைக்கவசமாகவும் மாறியிருந்தது. பிரேமலா கத்தவில்லை. கனகராஜைப் பயமுறுத்தியதே அதுதான். லோஷினி அவர் கைப்பேசியை வாங்கி, மாதத்துக்கு ஐம்பது ரிங்கிட் என்று வரம்பு போட்டு, பூட்டுக்கான எண்ணை அம்மாவின் காதில் சொன்னாள். "இதுக்கு மேல நீங்க அமுக்கினாலும் போகாதுப்பா." மாதத்தின் முதல் நாளே, காலையில் பசியாறுவதற்குள் கனகராஜ் அந்த ஐம்பதையும் தீர்த்துவிட்டார்.

ஆகவே ராஜா வீட்டுக்குள் வந்ததும், மிச்சமிருந்த தெம்பும் தீர்ந்து, டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் அப்படியே உறைந்து நின்றான். வைரம் இல்லாமல் அவனால் விரலைக்கூட அசைக்க முடியாது என்பது கனகராஜுக்குத் தெரியும். பிரேமலா சமையலறையிலிருந்து வந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுதானா என் பிள்ளையோட லேப்டாப்பு?"

பிரேமலா உள்ளே போய் ஒரு தோசையைக் கொண்டுவந்து அவன் வாயில் வைத்தாள். ராஜா மென்றான், விழுங்கினான், நான்கு அடி நடந்தான். இரண்டாவது தோசைக்கு உட்கார்ந்தான். மதியத்துக்குள் அவளுக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. கோழிக்குழம்பு ஊற்றிய சோறு ஒரு தட்டு என்றால் அந்தி வரைக்கும் தாங்கும். "ஒரு வேளைக்கு ஒரு தட்டுதான், தம்பி. இந்த வீட்டுல எல்லாருக்கும் வரம்பு இருக்கு" என்றாள். நாடு நாடாக எரித்துவிட்டு வந்தவன் தலையைக் குனிந்தான். கனகராஜுக்கு அது பொறுக்கவில்லை. அத்தனை வைரம் கொட்டியிருக்கிறார், ஒரு நாளும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. இவளுக்கு மட்டும் ஒரு தட்டுச் சோற்றுக்குத் தலை குனிகிறான்.

பிறகு மாதங்கள் போயின. மழைக்காலத்தில் ராஜா ஹாலில் நின்று சிறகை அசைத்தால் ஒரு பக்கெட் துணி அரை மணி நேரத்தில் காய்ந்தது. அவன் வாளைப் பார்த்ததும் சாக்கடை எலிகள் குடும்பத்தோடு அடுத்த தாமான் குடியிருப்புக்குக் குடிபோயின. கோயில் அர்ச்சகர் வாளை மட்டும் வெளியே வைக்கச் சொன்னார், மற்றபடி எல்லாருக்கும் தருவதுபோல் விபூதி தந்தார். வீட்டில் தனியே விட முடியாததால் கனகராஜ் அவனைப் பஸ்ஸிலும் ஏற்றிக்கொண்டார். தொழிலாளர்கள் சிறகு ஜன்னலை மறைக்கிறது என்று இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, மூன்றாம் நாள் அதன்மேல் சாய்ந்து தூங்கினார்கள்.

தொட்டி நிழலில் காத்திருக்கும் நேரத்தில் இப்போது விளையாட ஒன்றும் இல்லை. கைப்பேசியைத் திறந்தால் ராஜா நின்ற இடத்தில் கொஞ்சம் புல்லும் ஒரு பாறையும்தான் தெரிந்தன. கனகராஜ் பக்கத்து இருக்கையில் இருந்தவனிடம் பேசத் தொடங்கினார். லோஷினி வளர்ந்த பிறகு வீட்டில் யாரும் தன்னிடம் எதுவும் கேட்பதில்லை என்று சொன்னார். கைப்பேசிக்குள் மட்டும் தான் தொட்டதும் ஒருவன் எழுந்து வெற்றி வெற்றி என்று கத்துவான் என்று சொன்னார். ராஜாவிடம் சொல்லிப் பழகிய வாய், ஒருநாள் சாப்பிடும்போது பிரேமலாவிடமும் அதையே சொல்லிவிட்டது.

அவள் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். "கத்துறதுக்கு ஒரு ஆளா தேடுனீங்க? சொல்லியிருந்தா நானே கத்தியிருப்பேனே" என்றாள். இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

வருடக் கடைசியில் விளையாட்டு நிறுவனத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. வைரம் கட்டிப் புதுப்பிக்காத பழைய வீரர்கள் அழிக்கப்படுவார்கள். அன்று சாயங்காலமே ராஜாவின் பாதங்கள் கண்ணாடிபோல் ஆகி, அவற்றின் வழியே தரை ஓடு தெரிந்தது. மறுநாள் முழங்கால் வரைக்கும் ஏறியது. கனகராஜின் கைப்பேசியில், இப்போதே புதுப்பித்தால் பாதி விலை என்று ஒரு பொத்தான் மின்னிக்கொண்டிருந்தது. பாதி விலையே ஐம்பதைப்போல் பல மடங்கு.

விடுமுறைக்கு வந்திருந்த லோஷினி அம்மாவைப் பார்த்தாள். பிரேமலாவின் கண் கலங்கியிருந்தது. "இந்த ஒரு தடவ மட்டும் வரம்பத் தூக்கிடலாங்க. பாவம், பிள்ள மாதிரி இருக்கான். நம்பர நான் சொல்றேன்."

கனகராஜின் விரல் பொத்தான் வரைக்கும் போய்விட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த அடிப்பு அவருக்கு நன்றாகப் பழகியது. சிறகு வாங்கிய அன்றும் இப்படித்தான் அடித்தது, வாள் வாங்கிய அன்றும்.

"வேணாம் பிரேமா," என்றார். "ஒவ்வொரு தடவயும் நானும் ஒரு தடவன்னுதான் அமுக்கினேன்."

கைப்பேசியை அணைத்து பிரிட்ஜின்மேல் வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, சோற்றில் பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்து, தரையில் ராஜாவுக்கு எதிரே உட்கார்ந்தார். அதுவரை ஒருநாளும் அவர் அவனுக்கு ஊட்டியதில்லை. ஒரு தட்டு முடிந்து நிமிர்ந்து பார்த்தார். "என்ன பார்க்குறீங்க? இன்னிக்கு சோத்துக்கெல்லாம் வரம்பு கிடையாது" என்று பிரேமலா சட்டியோடு கொண்டுவந்து வைத்தாள். லோஷினி மறுபடி அரிசி களைந்தாள். இரண்டாவது சட்டியின் அடி தெரிந்தபோது முழங்கால்களில் நிறம் வந்தது. வாரக் கடைசியில் பாதமும் வந்துவிட்டது. இடதுகால் சுண்டுவிரல் மட்டும் கடைசிவரை வரவில்லை. ராஜா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்படி ஒரு வீரன் தங்களிடம் இல்லை என்று நிறுவனம் ஒரு செய்தி அனுப்பியிருந்தது. அதை யாரும் திறந்து பார்க்கவில்லை.

தை பிறந்ததும் ராஜாவுக்கு ஒரு கிடங்கில் ஜாகா வேலை கிடைத்தது. காவலுக்குச் சரியான ஆள் என்று முதலாளிக்கும் திருப்தி. முதல் சம்பளத்தில் லோஷினிக்கு மடிக்கணினி வந்தது.

அதே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கனகராஜ் பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மூலை வீட்டு மகேஸ்வரன் சாரத்தை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தான்.

"அண்ணே, மாமியார் விளையாட்டுக்கு நேத்து வரம்பு வச்சேன். காலைல பார்த்தா கேட்டுல ஒரு பொம்பள வில்லோட நிக்கிறா. நரி வால் வேற இருக்கு. இப்ப என்ன செய்யறது?"

கனகராஜ் துணியைப் பிழிந்துகொண்டே யோசித்தார்.

"முடி கொட்டும்லா. சோபால மட்டும் உக்கார விடாத."

மகேஸ்வரன் சரிண்ணே என்று சொல்லிவிட்டு கேட்டைத் திறக்கப் போனான்.