பொட்டு வைத்த சர்வர்

ஏழு ஆலைகளையும் ஒரே சிஸ்டத்துக்குள் கொண்டுவருகிறேன் என்று வெங்கடேஸ்வரி கிளம்பியபோது ராஜபாளையம் தலைமை அலுவலகத்தில் சிரிக்காத ஆள் இல்லை. அலர்மேல் மில்ஸ் குழுமம் என்று பெயர்ப்பலகையில்தான் ஒன்று. உள்ளே போனால் ஊருக்கு ஒரு வழி. ராஜபாளையத்து நூற்பாலையில் ஒரு சாப்ட்வேர், செட்டியார்பட்டி ஆலையில் வேறொரு சாப்ட்வேர், பேண்டேஜ் துணி நெய்கிற இடத்தில் எக்செல்லை வைத்தே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒரே பேரிங்குக்கு ஆலைக்கொரு நம்பர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆலையில் அந்த நம்பரும் கிடையாது. ஸ்டாக் பட்டியலைத் திறந்தால் 'மாரிச்சாமி பெல்ட்' என்று இருக்கும். எந்தக் காலத்திலோ மாரிச்சாமி என்கிற பிட்டர் ஒரு பெல்ட்டை மாட்டிப் பார்த்திருக்கிறார், பொருந்திவிட்டது, அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். அதே பெல்ட் செட்டியார்பட்டியில் வேறு பெயரில் தூசி படிந்து கிடக்க, இங்கே அவசரம் என்று மதுரைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கூத்துக்கெல்லாம் ஒரு முடிவு கட்டத்தான் அவள் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

அப்படித்தான் இன்டர்வியூவில் சொன்னாள். உண்மை அதுவல்ல. உண்மையான காரணம் விஜயபாண்டி.

விஜயபாண்டி அவள் புருஷன், போலீஸ் எஸ்.ஐ. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் இருவரும் ஒரே வீட்டில் இருந்த நாட்களைத் திருவிழா நாட்களோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும். அவள் சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருந்தாள், அவன் ராமநாதபுரத்தில், பிறகு சாயல்குடியில், பிறகு விளாத்திகுளத்தில் இருந்தான். ஒரு பெரிய நீலப் பெட்டி இருந்தது. வெள்ளிக்கிழமை ரயில் ஏறும், ஞாயிற்றுக்கிழமை திரும்பும். அந்தக் குடும்பத்தில் அதிகம் பயணம் போன உறுப்பினர் அந்தப் பெட்டிதான். போன வருஷம் அவனை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றினார்கள். பதினொரு கிலோமீட்டர் தூரத்தில் ராஜபாளையத்தில் வேலை இருக்கிறது என்று தெரிந்ததும் சம்பளத்தில் பாதி போனாலும் போகட்டும் என்று அவள் வந்து சேர்ந்தாள். நீலப் பெட்டி போலீஸ் குவார்ட்டர்ஸ் பரணில் ஏறியது. காலையில் இவள் ஸ்கூட்டியில் ராஜபாளையம் போவாள், புரட்டாசி சனிக்கிழமை என்றால் அவன் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாள் மலையடியில் கூட்டத்தைக் கட்டி மேய்க்கப் போவான். ராத்திரி இரண்டு பேரும் ஒரே தட்டில் தோசையைப் பிய்த்துக்கொண்டு சண்டை போடுவார்கள். வெங்கடேஸ்வரிக்கு அந்தச் சண்டைகூட இனித்தது.

இதற்கு உலை வைக்கிற மாதிரி சென்னையிலிருந்து எம்.டி. ஒரு நாள் போன் பண்ணினார். "விஜயதசமி அன்னைக்குக் காலைல முதல் ஷிப்டுக்கு ஏழு ஆலையும் புது சிஸ்டத்துல ஓடணும். ஓடிச்சுன்னா மொத்தக் கன்ட்ரோலும் ராஜபாளையத்துலயே இருக்கட்டும், நீங்களே பார்த்துக்குங்க. ஓடலைன்னா கோயம்புத்தூருக்கு மாத்திடுவோம். நீங்களும் உங்க டீமும் அங்க வந்துடுங்க."

அன்று சாயங்காலம் அவள் பரணிலிருந்து நீலப் பெட்டியை இறக்கித் துடைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். விஜயபாண்டி பார்த்தான், எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பாள்.

ராத்திரி பகல் இல்லாமல் ஓடுகிற நூற்பாலைகள் ஏழும் ஒருசேர நிற்கிற நாள் ஆயுத பூஜை ஒன்றுதான். அதனால் கடைசி மாற்றத்துக்கு அவள் அந்த நாளையே பிடித்தாள். ஆறு ஆலைகளின் கணக்கு வழக்கெல்லாம் முன்கூட்டியே புது சர்வருக்கு வந்து சேர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே இருக்கும் பழைய சர்வரிலிருந்து ராஜபாளையத்துப் புது சர்வருக்கு எல்லாம் பிரதி ஆகி வர ஏறக்குறைய பத்து மணி நேரம் பிடிக்கும். காலையிலேயே ஓட விட்டாகிவிட்டது. மத்தியானம் அலுவலகத்தில் பூஜை நடந்தது. புது சர்வருக்கு அவளே சந்தனம் குங்குமம் வைத்தாள். 'வச்சதோட சரி, அதை யாரும் அணைக்கக் கூடாது' என்று ராஜபாளையத்து ஆட்களிடம் கறாராகச் சொல்லியும் வைத்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சொல்லவில்லை. பொரியும் கடலையும் கையில் வைத்துக்கொண்டு, உதவிக்கு இருந்த சாம்சனுடன் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எண்பது சதவீதம் வந்துவிட்டது. எண்பத்தொன்று ஆனது. அதோடு நின்றுவிட்டது.

"மேடம், ஸ்ரீவில்லிபுத்தூர் படுத்துருச்சு," என்றான் சாம்சன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். பாதியில் நின்றால் மிச்சத்தை மட்டும் எடுக்க முடியாது, முதலிலிருந்து ஓட்ட வேண்டும். ஏழு மணிக்குள் திரும்ப ஆரம்பித்தால்தான் விடிவதற்குள் முடியும். மணி ஐந்தரை. அந்த ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்க்கும் சுயம்புலிங்கத்துக்குப் போன் போட்டால் அடித்து அடித்து ஓய்ந்தது. விஜயபாண்டிக்கு, 'வீட்டுக்கு வர நேரமாகும், ஸ்ரீவில்லிபுத்தூர் மில்லுக்குப் போறேன்' என்று ஒரு வரி அனுப்பிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். வாழைக்கன்று கட்டிய லாரிகள் ரோடெல்லாம் ஓரமாக நின்றன. ரோட்டில் உடைத்த பூசணிக்காய்களுக்கு வளைந்து வளைந்துதான் போக வேண்டியிருந்தது.

மடவார் வளாகம் தாண்டி இருக்கிற ஆலைக்குள் நுழைந்தபோது சர்வர் அறை வாசலில் கற்பூர வாசனை. கதவு பூட்டியிருந்தது. கண்ணாடி வழியே பார்த்தாள். சர்வருக்கு மாலை, பட்டையாக விபூதி, நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். ஒரு விளக்குகூட எரியவில்லை. பட்டுக்கரை வேட்டியில் சுயம்புலிங்கம் சுண்டல் தட்டோடு வந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், அந்தப் பழைய சிஸ்டத்தை உட்கார்ந்து எழுதியவரே அவர்தான்.

"வாங்க மேடம், நல்ல நாளும் அதுவுமா வந்திருக்கிய. சுண்டல் எடுத்துக்கிடுங்க."

"அண்ணாச்சி, சர்வர் ஏன் நின்னுச்சு?"

"எங்க நின்னுச்சு? நாந்தான் நிப்பாட்டுனேன்." அவர் முகத்தில் மருந்துக்கும் குற்ற உணர்ச்சி இல்லை. "பூஜை போட்ட பொறவு ஓட்டலாமா? அம்புட்டு மிஷினையும் அமத்தியாச்சு. நாளைக்குக் காலையில மறுபூஜை முடிச்சு நானே ஆன் பண்ணித் தாரேன். மிச்சத்த அப்பம் ஓட்டிக்கிடலாம்லா?"

"மிச்சம்னு ஒண்ணு கிடையாது அண்ணாச்சி! முதல்ல இருந்து ஓட்டணும். சாவியக் குடுங்க."

அவர் சாவியை இடுப்பில் செருகியபடியே நின்றார். "சாமிக்கு முன்னால வச்சத தொட்டா வெளங்காது மேடம். நம்ம ஊருக்காரிய, உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதுதான் அவளுக்கு எரிச்சல். சின்ன வயதில் ஆயுத பூஜைக்கு அடுக்கிய புத்தகத்தை மறுநாள்வரை தொடவிடாமல் அம்மா கையில் அடித்தது நினைவிருந்தது. அப்படி இருந்தும், போய்ப் போய் இந்த நாளைக் குறித்தாளே! பதினொரு கிலோமீட்டர்தானே, ராஜபாளையத்தில் சொன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கேட்டுவிடும் என்று நினைத்துவிட்டாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இவள் யானைகூட இல்லை.

மேலதிகாரி என்கிற அதிகாரத்தில் சாவியைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் நாளைக்கு அந்த ஆலையில் ஒரு பல்பு பியூஸ் போனாலும் அவள் தலையில்தான் விடியும். பத்து வருஷத்துக்குச் சொல்வார்கள். அதைவிட, அடுத்து அவர் சொன்னதுதான் அவளை நிறுத்தியது.

"பதினாலு வருசம் மேடம். இடி விழுந்து பேன், லைட் எல்லாம் கருகுனப்பக்கூட இது ஒரு நாள் படுத்ததில்ல. வருசத்துல ஒரு ராத்திரிதான் தூங்குது. நாளைக்கு இத காயலாங்கடைக்குப் போட்டுருவிய. கடைசித் தூக்கத்தையும் கெடுக்கணுமா?"

வெங்கடேஸ்வரி படியில் உட்கார்ந்தாள். சுண்டலை ஒரு வாய் போட்டுக்கொண்டாள், மத்தியானத்திலிருந்து பொரியைத் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. பிறகு ஒளிக்காமல் சொன்னாள். "விடியறதுக்குள்ள முடியலன்னா என்னைய கோயம்புத்தூருக்கு அனுப்பிருவாங்க அண்ணாச்சி. எட்டு வருசம் அவரு ஒரு ஊரு, நான் ஒரு ஊருன்னு கெடந்தோம். இப்பத்தான் ஒரு வீட்டுல இருக்கோம்."

சுயம்புலிங்கம் தட்டைக் கீழே வைத்தார். மனிதர் முகம் வாடிவிட்டது. "அடப் பாவமே. இத மொதல்லயே சொல்லப்படாதா?" என்றார். சாவியைத் தொட்டார், கையை எடுத்துக்கொண்டார். "ஆனா சாமி காரியம்லா மேடம். நான் என்ன செய்யட்டும்?"

அந்த நேரத்தில் கேட்டுக்குள் போலீஸ் ஜீப் ஒன்று வந்து நின்றது. ரோந்துக்குப் போகிற வழியில், செய்தியைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்க வந்த விஜயபாண்டி இறங்கினான். ஜீப்பின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, முன்னால் செவ்வந்தி மாலை, கண்ணாடியில் பெரிய பொட்டு. வெங்கடேஸ்வரி அந்தப் பொட்டைப் பார்த்தாள். படியிலிருந்து விருட்டென்று எழுந்தாள்.

"ஏங்க, ஜீப்புக்கு எப்பப் பூஜை போட்டீங்க?"

"மதியமே போட்டாச்சு. லத்தி, துப்பாக்கி, வாக்கிடாக்கி ஒண்ணு விடல. ஏன்?"

"போட்ட பிறகு ஓட்டுறீங்களே!"

"ஓட்டாம?" அவனுக்கு விஷயமே புரியவில்லை. "களவாணிப்பய ஆயுத பூஜைக்கு லீவு போடுறானா? ஊரு பூரா கோயில்லயும் பொரிகடலையிலயும் இருக்க நேரம், இன்னைக்குத்தான் அவனுக்கு வேலை. ஓடுறதுக்குத்தானே பொட்டே வைக்கிறோம்."

சுயம்புலிங்கம் ஜீப்பை ஒரு சுற்று சுற்றி வந்தார். டயரில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தோல் ஒட்டியிருப்பதைக் குனிந்து பார்த்தார். "சாமி கோவிச்சுக்கிடாதா சார்?"

"ஒரு தரம் தொட்டுக் கும்பிட்டு, வேலை இருக்கு, கூட வான்னு கூப்பிட்டுட்டு எடுத்துருவோம் அண்ணாச்சி. இம்புட்டு வருசமா வந்துக்கிட்டுத்தான் இருக்கு."

வைத்தியநாதசுவாமி கோயில் மணி கேட்டது. சுயம்புலிங்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கூட வான்னு கூப்பிடணும்னா வெறுங்கையாக் கூப்பிட முடியாது மேடம். ஒரு தேங்கா வேணும்."

மணி ஆறரை. ஆயுத பூஜை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் முழுத் தேங்காய்க்கு எங்கே போவது? ஆலையில் இருந்ததெல்லாம் உடைத்த மூடிகள். காவலாளியிலிருந்து கணக்காளர்வரை ஆளுக்கொரு திக்கில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். விஜயபாண்டி ஜீப்பின் முன்சீட்டிலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்தான். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம், குடுமியோடு ஒரு தேங்காய்.

"வீட்டுப் பூஜைக்கு வாங்குனது," என்று தேங்காயை மட்டும் சுயம்புலிங்கத்திடம் நீட்டினான்.

"அப்ப நம்ம வீட்டுக்கு?" என்றாள் வெங்கடேஸ்வரி.

"வீடு எங்க போகப்போவுது? நீ இதப் பாரு." ஜீப் கிளம்பிப் போய்விட்டது.

சுயம்புலிங்கம் தேங்காயை ஒரே போடில் உடைத்தார். சரிபாதியாகப் பிளந்தது, அவர் முகம் மலர்ந்தது. சர்வரைக் குழந்தையை எழுப்புவதுபோலத் தட்டிக்கொடுத்தார். "எந்திரி ராசா. இன்னைக்கு ஒரு நாள் முழிச்சிரு. நாளையிலேருந்து உன்னய யாரும் எழுப்ப மாட்டாவ," என்றார். தன் கையாலேயே பட்டனை அழுத்தினார். மாலைக்குள்ளே பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. வெங்கடேஸ்வரி போனில், "சாம்சன், ஆரம்பிப்பா," என்றாள். அந்த இரண்டு சொற்களையும் அவளால் சிரிக்காமல் சொல்ல முடியவில்லை. ராஜபாளையம் திரும்பியதும், சாவி தராமல் அண்ணாச்சி சொன்னதையெல்லாம் விஜயபாண்டிக்கு மெசேஜில் அனுப்பினாள்.

விஜயதசமி காலையில் முதல் ஷிப்டுச் சங்கு ஊதியபோது ராஜபாளையத்துத் திரையில் ஏழு ஆலைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டோரில் ஒருவர் முதல் வேலையாக மாரிச்சாமி பெல்ட்டைத் தேடினார். புது நம்பர் வந்தது, பக்கத்தில் பழைய பெயரும் வந்தது, செட்டியார்பட்டியில் ஸ்டாக் இருக்கிறது என்றும் வந்தது. மதுரைக்கு ஆள் போகவில்லை. எம்.டி. போன் பண்ணி, "அங்கயே இருங்க," என்றார். அவள் அதை இரண்டு தரம் சொல்ல வைத்துக் கேட்டாள், உடனே விஜயபாண்டிக்கும் போன் பண்ணிச் சொன்னாள். பழைய சர்வரைக் காயலாங்கடைக்கு அனுப்பவில்லை. சுயம்புலிங்கத்தின் அறையிலேயே மாலையோடு தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஏழு ஆலைகளுக்கும் பொதுவாக அவள் எழுதிவைத்திருந்த விதிகளில் வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒன்றைக் கூட்டினாள்: ஆயுத பூஜைக்குச் சர்வருக்குப் பொட்டு வைக்கலாம், அணைக்கக் கூடாது.

குவார்ட்டர்ஸ் கதவைத் திறந்தபோது ரோந்து முடிந்து வந்த விஜயபாண்டி யூனிபாரத்தைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான். வீட்டுப் பூஜையை ராத்திரியே ரோந்துக்கு நடுவில் வந்து அவனே ஒருமாதிரி முடித்திருந்தான். மிக்ஸிக்குப் பொட்டு, கிரைண்டருக்குப் பொட்டு, ஆணி அடிக்கும் சுத்தியலுக்கும் பொட்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நீலப் பெட்டியைக் காணோம். அண்ணாந்து பார்த்தாள். பெட்டி பரணில் ஏறியிருந்தது. மேலே சந்தனம், பெரிய குங்குமப் பொட்டு, கைப்பிடியில் ராத்திரி சுற்றி வாடிப்போன ஒரு முழம் மல்லிகை.

"ஏங்க, நான் போன் பண்றதுக்கு முன்னாலயே ஏத்திட்டீங்களா? முடியாமப் போயிருந்தா?"

அவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான். "உங்க அண்ணாச்சி என்னமோ சொன்னாராம்ல. பூஜை போட்டத தொட்டா வெளங்காதுன்னு."

அவள் சிரித்தாள், அப்படியே அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.