முறை வண்டி

அப்பா கண்ணை மூடிய பிறகு அந்த மோரிஸ் மைனர் கார் மாதத்துக்கு ஒரு வீடு என்று முறைவைத்து வாழ்ந்தது. ஒரு மாதம் மருந்துக்கடை வைத்திருந்த அண்ணன் வீட்டில், மறுமாதம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த தம்பி வீட்டில். முதல் தேதி காலையில் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து, இருவருக்கும் நடுவில் பிறந்த தையற்காரியின் வாசலில் நிறுத்திச் சாவியை அவள் கையில் கொடுப்பார். மாலையில் மற்றவர் வந்து அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போவார். அண்ணனும் தம்பியும் முகம் பார்க்க வேண்டிய அவசியமே வராது. வீட்டைப் பங்கு பிரித்த அன்று வாயிலிருந்து விழுந்த வார்த்தைகளுக்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சு அற்றுப்போயிருந்தது. வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பியாயிற்று. காருக்கு நடுவில் சுவர் எழுப்ப முடியவில்லை. அதோடு அப்பா படுக்கையில் கிடந்து சொன்ன சொல் ஒன்று இருந்தது: "வண்டிய வித்துடாதீங்க. மாத்தி மாத்தி ஓட்டுங்க."

அப்பா அச்சகத்தில் மேற்பார்வை பார்த்தவர். கப்பலேறித் தன் ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் அந்தக் காரை வாங்கினார். சைக்கிளில் போகிறவனுக்கு எதற்கு யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பாசிப்பச்சை நிறம், தவளை முதுகு போல உருண்ட பானெட், நடுவில் ஒரு கம்பி பிரித்த முன்கண்ணாடி. திரும்பும்போது இப்போதுபோல விளக்கு மின்னாது. கதவுத் தூணுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். வலப்பக்கத்துக் கை நீண்டால் அண்ணன் குதிப்பான், இடப்பக்கத்துக் கை நீண்டால் தம்பி குதிப்பான். நடுவில் உட்கார்ந்தவளுக்குக் கை கிடையாது. "உனக்கு ஹாரன் இருக்குல்ல, அது ரெண்டு பக்கமும் கேக்கும்" என்பார் அப்பா. அவளுக்கு மட்டும் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார். பையன்கள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள், பெண்ணுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும் என்பது அவர் கட்சி.

முதல் தேதிகளில் தையற்காரி சாவியோடு கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துக் கொடுப்பாள். "அண்ணன் உன் கண்ணு ஆபரேஷனப் பத்தி விசாரிச்சாரு" என்பாள் தம்பியிடம். "தம்பிக்கு உங்க இருமல் இன்னும் நிக்கலையேன்னு கவல" என்பாள் அண்ணனிடம். இருவரும் அதை நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஒருவரையும் புண்படுத்தாத பொய்யைக் கடவுள் கணக்கில் எழுதமாட்டார் என்று அவள் நம்பினாள். இந்த வண்டி ஓடுகிறவரை இருவரும் ஒரு கயிற்றில்தான் கட்டுண்டிருக்கிறார்கள்; ஒருநாள் கயிறு சுருங்கி இருவரும் பக்கத்தில் வந்து நிற்பார்கள். தினமும் விளக்கணைக்குமுன் அவள் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

பழைய கார் சங்கத்தார் மைதானத்தில் கண்காட்சி வைக்கப்போகிறார்கள், ஒரே குடும்பத்திலேயே நெடுங்காலம் இருந்துவரும் வண்டிகளுக்குத் தனி வரிசை, குடும்பத்தார் ஏறி ஒரு சுற்று வரவேண்டும் என்று கேள்விப்பட்டதும், இது மேலேயிருந்து வந்த அழைப்பு என்றே அவளுக்குத் தோன்றியது. நாளும் முதல் தேதியாக வாய்த்தது. அன்றோடு முறை முடிகிற அண்ணனிடம், "காலைல என் வாசலுக்கு வேண்டாம், மைதானத்துக்கே கொண்டாந்துடுங்க" என்றாள். தம்பியிடம், "சாவிய மைதானத்துல வந்து வாங்கிக்க" என்றாள். ஒருவர் வருவதை மற்றவரிடம் சொல்லவில்லை.

இருவரும் வந்தார்கள். பார்த்ததும் அண்ணன் கைக்குட்டையை எடுத்து, ஏற்கனவே பளபளத்த கதவைத் துடைக்கத் தொடங்கினார். தம்பி அடுத்த வண்டியின் சக்கரத்தை முதன்முதலாகச் சக்கரம் பார்க்கிறவன் போலப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆனால் யாரும் திரும்பிப் போகவில்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

வண்டிகளைப் பார்த்துவந்த சங்கச் செயலாளருக்குப் 'பம்பர்' என்று பெயர்; ஆளுக்கு முன்னால் தொப்பை வந்து நிற்பதால். வாயில் சிரிப்பு காயாத மனிதர். "அடேயப்பா, பொண்ணு பார்க்க வந்த மாதிரி ஜோடிச்சிருக்கீங்களே" என்றபடி பானெட்டைத் திறந்தார். குனிந்தார். சிரிப்பு நின்றது. கார்புரேட்டரைத் தொட்டுப் பார்த்தார், டைனமோவைத் தொட்டார். முன்பக்கம் வந்து ஹெட்லைட் வளையத்தை நகத்தால் சுரண்டினார். உள்ளே தலையை விட்டு, மணி காட்டும் வட்டம் இருந்த இடத்தைப் பார்த்தார்.

வேடிக்கை பார்க்கச் சிலர் நெருங்கிவந்தார்கள். அவர் பானெட்டைச் சத்தமில்லாமல் மூடி, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "இஞ்சின் சூடா இருக்குங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று அவர்களை அனுப்பிவைத்தார். இஞ்சின் சூடாக இல்லை. அந்தப் பொய்க்காக அவள் அவரை வாழ்நாள் முழுக்க நன்றியோடு நினைத்துக்கொண்டாள்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். வண்டியின் கூடு மட்டும்தான் பழையது. உள்ளே இருப்பது எல்லாம் காயலான் கடைச் சரக்கு. ஒன்றுகூட இந்த வண்டியோடு பிறந்ததில்லை.

"சீட்டாவது?" என்று கேட்டாள். கிழிந்த தோலை எறிந்துவிட்டு அவளே தைத்துப் போட்டது அது.

"சீட்டும் பழசு இல்லம்மா" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா தையல் பிரமாதம்" என்று சேர்த்துக்கொண்டார்.

"வண்டிய இப்படி மொட்டையடிச்சது யாருன்னு கேளு" என்றார் அண்ணன், தங்கையைப் பார்த்து.

"அதையே நானும் கேக்குறேன்னு சொல்லுக்கா" என்றான் தம்பி, அவனும் அவளையே பார்த்து.

கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது. ஒரு மாதம் வண்டி தம்பியிடமிருந்து திரும்பி வந்தபோது ஒரு டயர் தேய்ந்திருந்தது. இவன் கையில் நல்ல சாமான் உருப்படாது என்று அண்ணன் அடுத்தமுறை கொடுக்குமுன் மீதி நல்ல டயர்களைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு, பழைய டயர்களை மாட்டி அனுப்பினார். அதைக் கண்டுகொண்ட தம்பி ஹெட்லைட்டுகளைக் கழற்றிக்கொண்டு மலிவு விளக்கை மாட்டினான். பதிலுக்குக் கார்புரேட்டர் போயிற்று. அதற்குப் பதிலாக மணி காட்டும் வட்டம் போயிற்று. இப்படி மாதாமாதம், வெளியே துடைத்துப் பளபளப்பாக்கி, உள்ளே ஒன்றைக் கழற்றி, அவள் கையில் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். திருட்டு என்று இருவருமே நினைக்கவில்லை. "அப்பா சாமான், என்கிட்ட பத்திரமா இருக்கு. எண்ணெ போட்டுத் துணில சுத்தி வெச்சிருக்கேன்" என்றார் அண்ணன். "நானும் பரண்மேல பத்திரமாதான் வெச்சிருக்கேன்" என்றான் தம்பி.

தையற்காரிக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. அப்படியானால் எதுவும் தொலைந்துபோகவில்லை. இரண்டு வீட்டுப் பரண்களிலும் அப்பாவின் வண்டி முழுசாக இருக்கிறது.

"அப்ப என்ன? ரெண்டு பேரும் கொண்டாங்க. என் வாசல்லயே வெச்சு மாட்டிடலாம். நான் சமைக்கிறேன்."

"அவன் மொதல்ல கொண்டாரட்டும்."

"மூத்தவரு அவருதானே. அவரு மொதல்ல."

அவள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். மைதானத்து ஒலிபெருக்கி அவர்கள் வண்டியைச் சுற்றுவர அழைத்தது. அண்ணன், அவன் ஏறினால் நான் ஏறமாட்டேன் என்று அவளிடம் சொன்னார். தம்பி, அவர் ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்தால் பேர் கெட்டுவிடும் என்று அவளிடம் சொன்னான். எல்லாம் அவளிடம்தான். ஒலிபெருக்கி மறுபடி அழைத்தது. பம்பர் சங்கடத்தோடு, "கடைசியா விட்டுக்கலாம்மா, அவசரமில்ல" என்றார்.

அவள் கதவைத் திறந்து ஏறி, வண்டியிலேயே தொங்கிய சாவியைத் திருகிச் சோக்கை இழுத்தாள். வண்டி கனைத்துக் கனைத்துப் புறப்பட்டது. பக்கத்து இருக்கை காலி, பின்னிருக்கை காலி. ஒரு பெண் தனியாக ஓட்டிவருகிறாளே என்று ஜனங்கள் ஆரவாரமாகக் கைதட்டினார்கள். முன்கண்ணாடியின் நடுக்கம்பிக்கு இந்தப்பக்கம் ஒரு தம்பியும் அந்தப்பக்கம் ஓர் அண்ணனும் தூரத்தில் நிற்பது தெரிந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: இத்தனை காலமும் இவர்களைச் சேர்த்துக் கட்டிய கயிறு என்று அவள் நினைத்த தன் கை, இவர்கள் சேராமலிருக்க வசதி செய்துகொடுத்த சுவர். அவள் இல்லாதிருந்தால் மாதம் ஒருமுறையாவது முகம் பார்த்திருப்பார்கள். சண்டையாவது போட்டிருப்பார்கள்.

சுற்றை முடித்து இறங்கினாள். தம்பி வழக்கம்போல, சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாவியை வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். அவள் சாவியை அண்ணன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இனிமே என் கை வழியாப் போகாது. உன் தம்பி கையில நீயே குடுண்ணா."

அண்ணனை அவள் நீ என்று சொன்னது சிறுவயதுக்குப் பிறகு அதுதான் முதல்முறை. அவர் சாவியைப் பார்த்தார். தம்பி தன் செருப்பைப் பார்த்தான். கையெட்டும் தூரம்தான். அவள் காத்திருந்தாள், மனசுக்குள் கடவுளைக் கூப்பிட்டபடி, நியாயமாகக் காத்திருக்கக்கூடியதைவிட அதிகமாகவே காத்திருந்தாள். கடைசியில் அண்ணன் குனிந்து சாவியைப் பானெட்டின்மேல் வைத்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். தம்பி அதைத் தொடவில்லை. அவள் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

மாலையில் மழை. கதவு தட்டப்பட்டது. முறைக்காரர் இரண்டு பேரில் ஒருவராக இருக்கக்கூடாதா என்று ஓடிப்போய்த் திறந்தாள். பம்பர் நின்றிருந்தார், சொட்டச்சொட்ட.

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு வாசல் வழியாப் போயிட்டாங்கம்மா. மழ வந்துச்சு. கண்ணாடிய ஏத்திவிட்டு, என் தார்ப்பாயைப் போட்டு மூடியிருக்கேன்" என்று சாவியை நீட்டினார்.

அவள் கை நீளவில்லை. அது அவளுக்கு எளிதாகவும் இல்லை.

"உங்ககிட்டயே இருக்கட்டும்யா. ரெண்டு பேரும் சேந்து வந்து கேட்டா குடுங்க."

"வரலேன்னா?"

பொய்யாகவேனும் ஏதாவது இனிப்பாகச் சொல்ல அவள் நாக்கு பழகியிருந்தது. இம்முறை சொல்லவில்லை.

"வரமாட்டாங்க" என்றாள். பிறகு, தைத்து முடித்திருந்த துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு துண்டை உருவி அவரிடம் கொடுத்தாள். "தலையத் துவட்டிக்குங்க. சளி புடிச்சுக்கப்போவுது."